துடைத்துவிட்ட பூ

ஜூன் 3

பஞ்சு,

பெட்டியைப் பார்த்துப் பயப்படாதே. உள்ளே என் காமிராதான் இருக்கிறது, கூடவே கிட்டத்தில் வைத்துப் படம் எடுக்கிற லென்ஸும். உன் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் அதைத் தூக்கி வெந்நீரில் போட்டுவிடாதே. ஆபரேஷன் கத்திகளைக் கழுவிக் கழுவி, வீட்டிலும் கையில் பஞ்சோடு திரிகிறவள் நீ. அந்தப் பேரை உனக்கு வைத்தவளே நான்தானே.

நான் கிளம்பி வந்து நான்கு மாதமாகிறது. நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது எழுதுவது ஒரு காரியத்துக்காகத்தான். சும்மா நலம் விசாரிக்க எழுதியது போல் நடிக்க எனக்கு வராது.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கிற சரிவில், மழை விழுந்ததும் தானாக முளைக்குமே ஒரு செடி, பட்டாணி அளவு ஊதாப் பூவோடு. நாம் ‘சின்னவள்’ என்று சொல்வோமே, அதுதான். அந்தச் சரிவில் உள்ள காட்டுப் பூக்களுக்கெல்லாம் மொட்டு, பூ, பூவின் முதுகு, இலை, விதை என்று நான் எடுத்துவைத்திருப்பது உனக்குத் தெரியும். இங்கே மியூசியத்தில் அந்தப் படங்களுக்கு ஒரு சுவர் தருகிறார்கள். எல்லாம் இருக்கிறது, சின்னவள் மட்டும் மொட்டோடு நிற்கிறாள். போன வருஷம் அவள் பூத்த நேரத்தில் நானும் உன் அண்ணனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

நானே வந்து எடுக்கலாம் என்றால், விவாகரத்து வழக்கு முடியும்வரை அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று வக்கீல் சொல்கிறார். வழக்கு ஆகஸ்ட் ஆறாம் தேதி. ஜூலை முடிவில் நீங்கள் வீட்டைக் காலி செய்துவிடுவீர்கள். இந்த மழையை விட்டால் எனக்கு அந்தச் சரிவு இல்லை.

உன் அண்ணனிடம் கேட்க எனக்கு முகமில்லை. உன்னிடம் கேட்கவும் இல்லைதான், இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

இனிமேல் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று நீ தடுமாற வேண்டாம். பேர் சொல்லியே எழுது.


ஜூன் 9

(மேலே என்ன போடுவது என்று தெரியவில்லை. நீங்கள் சொன்னபடி பேரை எழுதிப் பார்த்தேன். பேங்க் மேனேஜருக்கு லோன் கேட்டு எழுதுவது மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.)

நலமா என்று கேட்க மாட்டேன். நான் கோபமாக இருக்கிறேன், கோபமாக இருக்கிறவள் நலம் விசாரிப்பது நன்றாக இருக்காது. போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் என்றால் கத்துவேன், நேரில் என்றால் அழுவேன். தாளில்தான் கொஞ்சம் மனுஷியாக இருக்க முடிகிறது.

பெட்டியை வாங்கியது அண்ணன்தான். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவனுக்கு. மேஜைமேல் வைத்தான். “உனக்குத்தான்” என்றான். உடனே கருவிப் பையை எடுத்துக்கொண்டு, எங்கேயோ லிப்ட் நின்றுபோய்விட்டது, சரிசெய்ய வேண்டும் என்று கிளம்பினான். அன்று அவனுக்கு விடுமுறை. எந்த லிப்ட் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுச் சாமான் பாதி மூட்டை கட்டியாகிவிட்டது. சுவரெல்லாம் ஆணி மட்டும் நிற்கிறது. அவன் கம்பெனி குடியிருப்புக்குப் போகிறான், அங்கே ஒரே ஒரு அறைதான். நான் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதி பார்த்திருக்கிறேன்.

படம் எடுத்துத் தருகிறேன், சின்னவளுக்காக. உங்களுக்காக இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எப்படி எடுப்பது என்று எழுதுங்கள். எனக்குக் காமிராவில் தெரிந்தது ‘எல்லாரும் சிரிங்க’ என்று சொல்வது மட்டும்தான்.


ஜூன் 14

பஞ்சு,

சிரிக்கச் சொல்லாதே, அவள் சிரிக்க மாட்டாள்.

விடிந்ததும் போ. வெயில் ஏறினால் காற்றும் ஏறிவிடும். கூச்சப்படாமல் தரையில் குப்புறப் படுத்துக்கொள். நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் கிடைக்கும். முழங்கை இரண்டையும் மண்ணில் ஊன்றிக்கொள். லென்ஸைத் திருகிக்கொண்டே இருக்காதே, உன் உடம்பை முன்னும் பின்னும் நகர்த்து. இவ்வளவு கிட்டத்தில் ஒரு நூல் கனத்துக்குத்தான் தெளிவாக விழும். மகரந்தம் தெளிந்தால் இதழ் மங்கும், இதழ் தெளிந்தால் மகரந்தம் மங்கும். எது வேண்டும் என்று முதலில் முடிவு செய். மூச்சை முழுக்க விட்டுவிட்டு, அடுத்த மூச்சை இழுப்பதற்குள் அழுத்து.

இது பாஸ்போர்ட் போட்டோ இல்லை, முகம் மட்டும் போதாது. முதுகையும் காம்பையும் இலையின் அடிப்பக்கத்தையும் எடு. பிறகு காய்த்து வெடிக்கும்போது விதையை எடு.

காற்று இருந்தால் யாராவது ஒருவர் குடை பிடித்து மறைக்க வேண்டும். எனக்கு அந்த வேலையை உன் அண்ணன்தான் செய்வார். முகத்தைச் சுளிக்காமல் கால் மரத்துப்போகும்வரை நிற்பார். ஒருநாள்கூட லென்ஸ் வழியே பார்த்ததில்லை. நானும் பாருங்கள் என்று சொன்னதில்லை. சரி, அதை விடு.

விடுதியில் ஜன்னல் இருக்கிறதா? ஜன்னல் இல்லாத அறையை எடுக்காதே.


ஜூன் 22

(இன்றும் மேலே ஒன்றும் வரவில்லை.)

சின்னவள் பூத்துவிட்டாள்!

யூனிபார்மோடு குப்புறப் படுத்திருந்தேன். மாடி வீட்டம்மா ஜன்னலைத் திறந்து ஒரே கத்தல். “ஐயோ, என்னம்மா, விழுந்துட்டியா? ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?”

“இல்லக்கா, பூ பாக்கறேன்.”

“அத ஏன் நின்னு பாக்கக் கூடாதா?”

நீங்கள் இத்தனை வருஷம் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

முதல் தடவை லென்ஸில் கண்ணை வைத்தேன். பட்டாணிக்குள் இவ்வளவு இடமா? உள்ளே மஞ்சளாக ஒரு வழி போகிறது, இரண்டு பக்கமும் ஊதாக் கோடு. நீங்கள் ஏன் கூப்பிட்டால் காதில் விழாமல் கிடந்தீர்கள் என்று இப்போது புரிகிறது. நானும் ஷிப்டுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வெறுங்கண்ணுக்குத்தான் அவள் சுத்தம். கிட்டத்தில் பார்த்தால் காம்பு முழுக்க மெல்லிய ரோமம், ரோமத்தின் நுனியில் பிசுபிசுவென்று ஏதோ, அதில் தூசி, கரி, செத்த கொசுக்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு கத்தரிக்கோல் இந்த அழகில் வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். மியூசியச் சுவரில் இவளை இப்படியா நிறுத்துவது? கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, காம்பு, மொட்டு, பூவின் அடி என்று கீழ் வரிசைச் செடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டேன். இதழ் ஒன்றுகூட உதிரவில்லை. கை சுத்தத்துக்கு எனக்குச் சம்பளமே தருகிறார்கள், தெரியும் அல்லவா?

மெமரி கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்து அசந்துபோங்கள்.


ஜூன் 27

பஞ்சு,

அது அழுக்கு இல்லை.

அந்தப் பிசுபிசுப்புதான் அவளுக்குக் காவல். எறும்பு காம்பில் ஏறிப் போய்த் தேனைக் குடித்துவிடாமல் தடுப்பது அதுதான். தேன் இல்லாத பூவுக்குத் தேனீ வராது. தேனீ வராவிட்டால் காய் இல்லை, விதை இல்லை. போய்ப் பார், இந்நேரம் எறும்பு வரிசை கட்டியிருக்கும்.

நான் எடுக்கச் சொன்னதில் முக்கியமானதே அந்த ரோமமும் அந்தத் துளியும்தான். நீ அனுப்பியிருப்பது மொட்டையடித்த செடி.

உனக்கு எதையும் இருக்கிறபடி விட்டுவைக்கத் தெரியாது. என் அலமாரியை அடுக்குவாய், நான் தேட வேண்டும். நாங்கள் இரண்டு பேர் சண்டை போட்டால் நடுவில் வந்து நிற்பாய், அவருக்கு ஒரு சமாதானம், எனக்கு ஒரு சமாதானம். ஒரு சண்டையையாவது நாங்களே போட்டு முடிக்க விட்டாயா? எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து வைத்தாய்.

காமிராவைத் திருப்பி அனுப்பிவிடு. போதும்.


ஜூலை 2

அண்ணி,

ஆமாம், அண்ணி என்றுதான் எழுதியிருக்கிறேன். திட்டுவதற்கு வேறு பேர் வாயில் வரவில்லை.

எறும்பைப் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான், கீழ் வரிசை முழுக்க ஏறிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மாடி வீட்டம்மா இந்தத் தடவை ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சின்னவளுக்கு நான் செய்தது தப்பு. அதற்கு நீங்கள் எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

சண்டையைத் துடைத்தேன் என்கிறீர்களே, அதை வாங்கிக்கொள்ள மாட்டேன். அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? நீங்கள் சமையலறையில், அவன் வாசலில், நடுவில் நான். இரண்டு பேரும் என்னிடம்தானே பேசினீர்கள்? “உன் அண்ணன்கிட்ட சொல்லு”, “உன் அண்ணிகிட்ட சொல்லு.” நான் கேட்டேனா அந்த வேலையை?

அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்தேன். வாசலில் உங்கள் செருப்பு இல்லை. காமிராப் பை இல்லை. குளியலறையில் உங்கள் சோப்பு இன்னும் ஈரமாக இருந்தது. அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். பால் போடுகிறவரிடம்கூட, நாளையிலிருந்து ஒரு பாக்கெட் குறைத்துப் போடச் சொல்லியிருக்கிறீர்கள். மறுநாள் காலையில் அவர் என்னிடம் கேட்கிறார், “அண்ணி ஊருக்குப் போயிருக்காங்களாமே, எப்போ வருவாங்க?” பால்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அவனை விட்டுப் போக உங்களுக்குக் காரணம் இருந்திருக்கும். அவன் என் அண்ணன், அவனோடு குடித்தனம் பண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கா தெரியாது? அவனைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. நான் கேட்பது என்னைப் பற்றி. என்னையும் சேர்த்துத்தான் விவாகரத்து செய்தீர்களா? அந்தக் காகிதத்தில் என் பேரும் இருக்கிறதா?

அதை மட்டும் சொல்லிவிடுங்கள். காமிராவை அடுத்த தபாலில் அனுப்பிவிடுகிறேன்.


ஜூலை 8

பஞ்சு,

காமிரா இன்னும் வரவில்லை. அனுப்பவே அனுப்பாதே.

உன் கடிதத்தை அச்சகத்தில், மிஷின் சத்தத்துக்கு நடுவில் நின்று படித்தேன். என் வேலை நிறம் பார்ப்பது. மருந்து டப்பா லேபிளில் சிவப்பு கொஞ்சம் ஏறினாலும் கண்டுபிடித்துவிடுவேன். அன்று மதியம் ஒரு கட்டு முழுக்கத் தப்பாக விட்டுவிட்டேன். கண் தெரியவில்லை.

உன் கேள்விக்குப் பதில், இல்லை. உன் பேர் அதில் இல்லை. நான் விட்டது அவரை. உன்னை அவரிடம் விட்டுவைத்துவிட்டு வந்தேன். எனக்கு வேலை இருந்தது, காமிரா இருந்தது. அவருக்கு யார் இருக்கிறார்கள், உன்னைத் தவிர? உன்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியிருந்தால் நீ என் பின்னாலேயே வந்திருப்பாய், எனக்குத் தெரியும். ‘நான் என்ன பாத்திரமா, உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று பிரிப்பதற்கு?’ என்று இப்போது கத்துவாய். கத்து. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது.

அவர் கெட்டவர் இல்லை, அதை நீ எப்போதும் நினைவில் வைத்துக்கொள். கோபம் இருந்தவரை எங்களுக்குள் ஏதோ ஒன்று இருந்தது. ஒருநாள் அவர் தாமதமாக வந்தார், எனக்குக் கோபமே வரவில்லை. அன்றுதான் பயந்துபோனேன்.

சின்னவளுக்கு வருகிறேன். நீ துடைத்தது கீழ் வரிசை மட்டும்தானே? மேலே பாறை இடுக்கில் இரண்டு மூன்று செடி இருக்கும், கீழே நின்றால் கை எட்டாது, மேலே ஏறிப் பார். துடைத்த செடியிலும் புதுக் கிளை வந்தால் புது ரோமம் வரும், துளியும் வரும். நான் அன்று எழுதிய அளவுக்கு நீ ஒன்றையும் அழித்துவிடவில்லை.

இன்னொன்று. ஆறாம் தேதி நீ அவரோடு கோர்ட்டுக்கு வருவாய். என்னைப் பார்த்தால் தெரியாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு நீ என்னிடம் பேசினால் அவருக்கு வலிக்கும். நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.


ஜூலை 19

அண்ணி,

கிடைத்துவிட்டது! பாறை இடுக்கில் மூன்று செடி, கழுவாத முகத்தோடு. இனிமேல் என் ஜன்மத்தில் அழுக்கு என்று எதையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன், கத்தரிக்கோலைத் தவிர.

காற்றுதான் பாடாய்ப் படுத்தியது. வாரம் முழுக்க முயன்றும் ஒரு படம்கூடத் தெளியவில்லை. இன்று காலை படுத்தபடியே காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன், பின்னால் நிழல் விழுந்தது. அண்ணன், கையில் குடையோடு. நான் கூப்பிடவே இல்லை.

“காத்து வர்ற பக்கம் நில்லு” என்றேன்.

“எனக்கே சொல்லித்தர்றியா?” என்று சரியான இடத்தில் போய் நின்றான்.

எல்லாம் எடுத்து முடித்த பிறகு, “இங்க வந்து பாரேன்” என்றேன். வேண்டாம் என்றான். அப்புறம் குடையை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்தான். எழுந்திருக்கவே இல்லை. எனக்குக் கை வலித்துவிட்டது.

“இதையா பாத்துட்டிருந்தா?”

“ஆமா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

அவன் எழுந்தான். முழங்காலைத் தட்டிக்கொண்டு உள்ளே போனான்.

உங்களுக்கு ஆசை காட்டுவதற்காக இதை எழுதவில்லை. சாயங்காலமே வக்கீலைப் பார்த்து, கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். முகத்தில் கோபமில்லை. நீங்கள் பயந்துபோனதாக எழுதியிருந்தது அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. வருத்தமாக இருந்தது, ஆனால் அதைத் துடைக்க நான் போகவில்லை. கூட உட்கார்ந்து சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

கார்டில் பூ, முதுகு, காம்பு, இலையின் அடி எல்லாம் இருக்கிறது. ஒரு செடியில் காய் வெடித்து விதை எட்டிப்பார்க்கிறது, கடைசிப் படம். விடுதி அறையில் ஜன்னல் இருக்கிறது, ஆனால் எதிரே சுவர்.


ஜூலை 25

பஞ்சு,

படங்களை அச்சகத்துப் பெரிய திரையில் போட்டேன். பக்கத்து மேஜைக்காரர் டீயை வைத்துவிட்டு வந்து நின்றார். “யார் எடுத்தது? நீங்களா?” என்றார். இல்லை என்று சொல்வதில் எனக்கு இவ்வளவு பெருமை வரும் என்று நான் நினைக்கவில்லை. விதைப் படத்தில் என்னாலும் அந்த நூல் கனத்தைப் பிடித்திருக்க முடியாது.

காம்புப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். துளிகள் ஒவ்வொன்றிலும் வானம் தலைகீழாக இருக்கிறது, அதில் ஒரு கறுப்புக் குடை, குடைக்குக் கீழே ஒரு ஆள். கடுகைவிடச் சின்னதாக. கொஞ்ச நேரம் பார்த்தேன். திரும்பி வர வேண்டும் என்று தோன்றவில்லை. அவர் நன்றாக இருக்கட்டும் என்று மனசாரத் தோன்றியது. அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம். இனி உன்னைத் தூது அனுப்ப மாட்டேன்.

மியூசியத்துக்காரி சின்னவளின் படங்களுக்குக் கீழே உன் பேரைப் போடுகிறாள். எழுதிக்கொண்டே கேட்டாள், “இவங்க உங்களுக்கு என்ன வேணும்?” நாத்தனார் என்று சொல்லிவிட்டேன். அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். ஆறாம் தேதிக்குப் பிறகும் அதைச் சொல்ல முடியுமா என்ற கேள்வி என்னிடமே நின்றுவிட்டது. எனக்கு உன்னைத் தவிர அந்த வீட்டிலிருந்து எதுவும் வேண்டாம் பஞ்சு. ஆனால் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

அன்று எனக்குக் கோர்ட்டுக்கு எதிரிலேயே நான்கு மணி பஸ். நான் சொன்னதை மறந்துவிடாதே. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடு.


ஜூலை 30

அண்ணி,

முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்குத் தெரியாது. எனவே அன்று நடக்கப்போவதை முன்னாலேயே எழுதிவிடுகிறேன்.

கோர்ட்டில் அண்ணன் பக்கத்தில்தான் உட்காருவேன். நீங்களே வந்து கூப்பிட்டாலும் எழுந்து வர மாட்டேன். அவனுக்குக் கூட்டமும் கோட்டு போட்டவர்களும் ஆகாது, நிமிஷத்துக்கு ஒரு தரம் தண்ணீர் கேட்பான், பாட்டிலை நான்தான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லாம் முடிந்து அவன் வெளியே வந்து மூச்சு விடுகிறவரை நான் அவனுக்குத் தங்கை. அதற்கப்புறம் நான்கு மணி பஸ்ஸில் உங்களோடு ஏறுகிறேன். ஒரு வாரம் லீவு சொல்லியாகிவிட்டது. மியூசியச் சுவரைப் பார்க்க வேண்டும், உங்கள் அறையைப் பார்க்க வேண்டும், உங்களிடம் கத்த வேண்டியதும் கொஞ்சம் பாக்கியிருக்கிறது. இனிமேல் லீவு கிடைக்கும்போதெல்லாம் வருவேன். உரிமை இருக்கிறதா என்று யாரையும் கேட்கப்போவதில்லை.

அண்ணனிடம் மறைக்கவில்லை. நேற்று சாப்பிடும்போது சொன்னேன்.

“அன்னைக்கேவா?” என்றான்.

“அன்னைக்கேதான்.”

“அவ இப்போ உனக்கு யாரு?”

“அண்ணி.”

“கோர்ட்டுல முடிஞ்சப்புறமும்?”

“கோர்ட்டுல உங்க ரெண்டு பேரைப் பத்தித்தானே கேப்பாங்க? என்னைப் பத்தி யாரும் கேக்கலையே.”

சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். எழுந்து கை கழுவினான், விளக்கை அணைக்கப் போனவன் நின்றான்.

“பஸ்ல அவ ஜன்னலோரம்தான் கேப்பா. குடுக்காத. தூங்கிட்டா கம்பில தலைய இடிச்சுக்குவா.”

எனவே ஜன்னலோர சீட் எனக்கு. சண்டை போடாமல் தள்ளி உட்காருங்கள்.

பஞ்சு